போருக்குப் பிந்தைய அமெரிக்கச் செழிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஒரே ஆள் சம்பளம். சொந்த வீடு, வாசலில் கார், மூன்று பிள்ளைகள்." 1950-களின் அமெரிக்காவைப் பற்றி இப்படி ஒரு படம் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றி வரும். அதைப் பார்த்துவிட்டுப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கடன் பேச்சு அளவுக்கு அதிகமாக இருப்பதாகத் தோன்றலாம். தெரிந்தேதான் அப்படி எழுதினேன். அந்தக் காலத்துச் செல்வம் யார் கைக்குப் போனது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்று தேடினால் மறுபடி மறுபடி வீட்டுக்கடனில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

எந்த ஆண்டுகளைச் சொல்கிறார்கள்?

1945-ல் இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்ப மறுத்தது வரை என்பது பொதுவான கணக்கு. நடுவில் எல்லாமே ஏறுமுகம் என்று நினைத்துவிட வேண்டாம். 1948-49, 1953-54, 1957-58, 1960-61, 1969-70 என்று ஐந்து முறை பொருளாதார மந்தம் வந்தது. எதுவும் ஓராண்டைத் தாண்டவில்லை என்பதால் பின்னால் வந்தவர்கள் அவற்றை மறந்துவிட்டார்கள். அனுபவித்தவர்கள் மறக்கவில்லை.

போர் முடிந்ததும் 1930-களைப் போல மறுபடி பெருமந்தம் வரும் என்று பயந்தார்களாமே?

பயந்தார்கள். காரணமும் இருந்தது. படையில் மட்டும் சுமார் 1.2 கோடிப் பேர். அவர்கள் எல்லோரும் ஊர் திரும்பி வேலை கேட்பார்கள். அதே நேரத்தில் டாங்கியும் விமானமும் செய்த ஆலைகளுக்கு அரசு ஆர்டர் நின்றுபோகும். 1930-கள் யாருக்கும் பழங்கதை இல்லை. 1946-ல் நாட்டின் மொத்த உற்பத்தி பத்தில் ஒரு பங்குக்கும் மேல் விழவும் செய்தது. ஆனால் வேலையின்மை 4 சதவீதத்தை ஒட்டியே நின்றது.

அதற்குக் காரணம், மக்கள் கையில் பணம் இருந்தது. போர்க்காலத்தில் எல்லோருக்கும் வேலை கிடைத்தது, வாங்கத்தான் எதுவும் இல்லை. 1942 பிப்ரவரியோடு கார் உற்பத்தி நின்றுவிட்டது. சர்க்கரை, இறைச்சி, பெட்ரோல், டயர் எல்லாம் ரேஷன். வரி போகக் கைக்கு வந்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போர்ப் பத்திரங்களிலும் வங்கியிலும் சேர்ந்துகொண்டே போனது. போர் முடிந்ததும் அந்தப் பணம் கடைத்தெருவுக்கு வந்தது. 1946-ல் 21 லட்சம் கார்கள் தயாராயின. 1955-ல் ஏறத்தாழ 79 லட்சம்.

ஆனால் 1946-ஐ நல்ல ஆண்டு என்று சொல்ல மாட்டேன். விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் விலைவாசி எகிறியது. சுமார் 46 லட்சம் தொழிலாளர்கள் அந்த ஒரே ஆண்டில் வேலைநிறுத்தம் செய்தார்கள். வீடு இல்லாத இளம் தம்பதிகள் மாமியார் வீட்டுக் கூடத்திலும், ராணுவம் கழித்துக்கட்டிய தகரக் கொட்டகைகளிலும் குடித்தனம் நடத்தினார்கள்.

ஜி.ஐ. பில் என்பது என்ன?

ஜி.ஐ. என்றால் அமெரிக்கப் படைவீரர், பேச்சுவழக்கு. போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்காக 1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மூன்று முக்கியமான வசதிகள் அதில் இருந்தன. வேலை கிடைக்கும்வரை அதிகபட்சம் 52 வாரம், வாரத்துக்கு 20 டாலர். படிப்புக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணமும் மாதாந்தர உதவித்தொகையும். வீடு, பண்ணை, தொழில் கடனுக்கு அரசின் உத்தரவாதம்.

கல்லூரிக் கதைதான் எல்லோருக்கும் தெரியும். 1947-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முன்னாள் படைவீரர்கள். சட்டம் வந்தபோது சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், பல்கலைக்கழகங்கள் நாடோடிகளின் கூடாரமாகிவிடும் என்று எழுதினார். வந்தவர்களோ பெண்டாட்டி பிள்ளைகளோடு கொட்டகையில் தங்கி, மற்ற மாணவர்களைவிட ஒழுங்காகப் படித்தார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 1956 வரை இந்தச் சட்டத்தில் படித்த 78 லட்சம் பேரில் கல்லூரிக்குப் போனவர்கள் சுமார் 22 லட்சம்தான். மீதிப் பேர் வெல்டிங், மின்வேலை, வானொலி பழுதுபார்ப்பு, விவசாயப் பயிற்சி என்று போனவர்கள். அடுத்த இருபதாண்டுகள் வீடு கட்டியதிலும் ஆலைகளை ஓட்டியதிலும் அவர்களுடைய பங்கு பெரியது. அவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை.

லெவிட்டவுன் என்கிறார்களே, அது ஏன் அவ்வளவு பேசப்படுகிறது?

நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு விளைந்துகொண்டிருந்த நிலம் அது. லெவிட் குடும்ப நிறுவனம் அதை வாங்கி 1947-ல் வீடு கட்டத் தொடங்கியது. அந்த அக்டோபரிலேயே முதல் குடும்பங்கள் குடிவந்தன. 1951-ல் வேலை முடிந்தபோது 17,447 வீடுகள்.

கட்டிய விதம்தான் விஷயம். கார் ஆலையில் வேலையாள் நின்ற இடத்தில் நிற்பார், கார் நகர்ந்து வரும். இங்கே வீடு நகராது, ஆட்கள் நகர்ந்தார்கள். மொத்த வேலையையும் 26 படிகளாகப் பிரித்தார் வில்லியம் லெவிட். ஒரு குழு கான்கிரீட் தளம் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போகும். பின்னாலேயே இன்னொரு குழு மரச்சட்டம் நிறுத்தும். பிறகு கூரை, குழாய், பெயிண்ட். அமெரிக்க வீடுகளில் வழக்கமான நிலவறையை அடியோடு விட்டுவிட்டார்கள். மரத்துக்கு கலிஃபோர்னியாவில் சொந்த அறுவைக்கூடம். ஆணிகூட வெளியில் வாங்கவில்லை. தொழிற்சங்க ஆட்களையும் சேர்க்கவில்லை. வேகம் உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் 30 வீடுகள் எழுந்தன.

வீடு சுமார் 750 சதுர அடி. இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, மேலே பூசாத மாடம். பிள்ளைகள் பிறந்தால் அதை அறையாக்கிக்கொள்ளலாம். வேலி போடக் கூடாது, புல்லை வாரந்தோறும் வெட்ட வேண்டும், வார இறுதியில் துணி காயப்போடக் கூடாது என்று நிபந்தனைகள் வேறு. அறிவாளிகள் இந்த ஒரே மாதிரி வீடுகளைக் கேலி செய்து தள்ளினார்கள். எனக்கு அந்தக் கேலியில் மரியாதை இல்லை. தகரக் கொட்டகையில் கைக்குழந்தையோடு இரண்டு குளிர்காலம் கழித்தவருக்குப் பக்கத்து வீடும் தன் வீடு போலவே இருக்கிறதே என்ற கவலை வந்திருக்காது.

அந்த வீட்டைச் சாதாரணத் தொழிலாளி உண்மையிலேயே வாங்க முடிந்ததா?

முடிந்தது. 1949-ல் லெவிட்டின் புது மாதிரி வீடு 7,990 டாலர். முன்னாள் படைவீரருக்கு முன்பணம் இல்லை, மாதத் தவணை சுமார் 58 டாலர். 1950-ல் அமெரிக்கக் குடும்பங்களின் நடுவருமானம் ஆண்டுக்குச் சுமார் 3,300 டாலர், அதாவது மாதம் 275. ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் வீட்டுக்குப் போகும். அன்றைக்கு நகரத்தில் நல்ல வாடகை வீட்டுக்கு இதைவிட அதிகமாகவே கொடுக்க வேண்டியிருந்தது.

இது லெவிட்டின் சாமர்த்தியத்தால் மட்டும் நடந்ததல்ல. 1920-களில் வீட்டுக்கடன் என்றால் பாதி விலையை முன்பணமாகக் கட்ட வேண்டும்; மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் மொத்த அசலையும் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் வங்கியிடம் போய்ப் புதுப்பிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். பெருமந்தத்தில் வங்கிகள் புதுப்பிக்க மறுத்தபோது லட்சக்கணக்கானோர் வீடு இழந்தார்கள். 1934-ல் மத்திய வீட்டுவசதி நிர்வாகம் வந்தது. அது தானே கடன் கொடுக்கவில்லை. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நான் தருகிறேன் என்று வங்கிக்கு ஜாமீன் நின்றது. ஜாமீன் கிடைத்ததும் வங்கிகள் 20, 25, 30 ஆண்டுத் தவணைக்குத் துணிந்து கடன் கொடுத்தன. போருக்குப் பிறகு படைவீரர்களுக்கும் அதே வகை ஜாமீன் கிடைத்தது.

1944-ல் நாடு முழுக்கத் தொடங்கப்பட்ட தனிவீடுகள் 1.14 லட்சம், 1950-ல் ஏறத்தாழ 17 லட்சம். சொந்த வீட்டில் குடியிருந்த குடும்பங்கள் 1940-ல் 44 சதவீதம், 1960-ல் 62 சதவீதம். வாடகைக் குடும்பங்கள் பெரும்பான்மையாக இருந்த நாடு, இருபதே ஆண்டில் சொந்த வீட்டுக்காரர்கள் பெரும்பான்மையான நாடாக மாறிவிட்டது.

கறுப்பின மக்களுக்கும் இது கிடைத்ததா?

சட்டத்தின் வாசகத்தில் தடை எதுவும் இல்லை. ஜாமீன் கொடுப்பவர் எந்த வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று வகுத்த விதிகளில் தடை இருந்தது. 1930-களிலேயே அரசு அமைப்பு ஒன்று நகரங்களை வண்ணம் தீட்டி வரைபடம் தயாரித்தது. கறுப்பின மக்கள் குடியிருந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு, அதாவது கடன் ஆபத்து. வீட்டுவசதி நிர்வாகத்தின் கையேடு, வெள்ளையரல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று கிரயப் பத்திரத்தில் எழுதி வைப்பதை நல்ல பாதுகாப்பு என்றே பரிந்துரைத்தது. லெவிட்டவுன் ஒப்பந்தத்தின் 25-வது நிபந்தனையும் அதேதான். வெள்ளையர் அல்லாதவர் வீட்டு வேலைக்காரராக மட்டும் அங்கே தங்கலாம்.

1948-ல் உச்ச நீதிமன்றம் ஷெல்லி வழக்கில், இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்றது. நிபந்தனை காகிதத்திலிருந்து போனது, பழக்கம் போகவில்லை. பென்சில்வேனியாவில் கட்டிய இரண்டாவது லெவிட்டவுனில் 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி ஒரு வீட்டை வாங்கிக் குடிவந்தார்கள். கணவர் போரில் பணியாற்றியவர். இரவு இரவாக வீட்டின் முன் கூட்டம் கூடியது, ஜன்னலில் கல் விழுந்தது, மாநிலப் போலீஸ் வர வேண்டியதாயிற்று. பக்கத்து வீடுகளில் சிலர் துணைக்கு வந்து இரவில் காவல் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

தெற்கில் நிலைமை இன்னும் மோசம். 1947-ல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் எடுத்த கணக்கில், அரசு உத்தரவாதத்தோடு வீரர்களுக்குக் கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை இரண்டு.

வங்கிக் கடன் இல்லாதவர்கள் வேறு வழியில் வீடு வாங்கினார்கள். சிகாகோவில் தரகர்கள் ஒரு வீட்டை வெள்ளையரிடம் மலிவாக வாங்கி, கறுப்பினக் குடும்பத்துக்குப் பல மடங்கு விலை வைத்துத் தவணை ஒப்பந்தத்தில் விற்றார்கள். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் தரகர் பெயரில்தான். ஒரு தவணை தவறினால் வெளியேற்றம். அதுவரை கட்டியதெல்லாம் போச்சு. வீடு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் வர 1968 ஏப்ரல் வரை ஆனது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் அது கையெழுத்தானது. அதற்குள் 1949-ல் வீடு வாங்கிய வெள்ளைத் தொழிலாளி தன் கடனில் பெரும்பகுதியை அடைத்திருப்பார். வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கவும் அவரால் முடிந்தது. இன்றைக்கும் இரண்டு இனத்தாரின் சொத்துக்கும் உள்ள இடைவெளி, வருமான இடைவெளியைவிடப் பல மடங்கு பெரிதாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒருவர் சம்பளத்திலேயே குடும்பம் ஓடியது நிஜம்தானா?

நிறைய வீடுகளில் நிஜம். ஆனால் எந்த வாழ்க்கை ஓடியது என்று கேளுங்கள். 750 சதுர அடி, ஒரு குளியலறை, ஏசி கிடையாது, கார் ஒன்று, ஓட்டல் சாப்பாடு எப்போதாவது. அதுகூட எல்லோருக்கும் இல்லை: 1950-ல் அமெரிக்க வீடுகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் குழாய்த் தண்ணீர், குளியல், கழிப்பறை வசதிகள் முழுமையாக இல்லை.

பெண்கள் வேலைக்கே போகவில்லை என்பதும் சரியில்லை. போர் முடிந்ததும் ஆலைகளிலிருந்து அவர்களை அனுப்பிவிட்டார்கள். ஆனால் தட்டச்சு, கடை, பள்ளி, மருத்துவமனை வேலைகளுக்குத் திரும்ப வந்தார்கள். 1960-ல் மணமான பெண்களில் பத்துக்கு மூன்று பேர் வேலையில் இருந்தார்கள். செய்தித்தாள் விளம்பரங்களில் ஆண்களுக்கு ஒரு பத்தி, பெண்களுக்கு ஒரு பத்தி. கடனுக்கு ஆண் கையெழுத்தைக் கேட்கும் வழக்கத்தைச் சட்டம் தடுத்தது 1974-ல்தான். வெள்ளைக் குடும்பத்தலைவி வீட்டில் இருந்தார் என்றால், பல ஊர்களில் அந்த வீட்டைத் துடைத்த கறுப்பினப் பெண் தன் வீட்டை விட்டு வேலைக்கு வந்திருந்தார். வீட்டு வேலை செய்வோரை 1950 வரை சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தில்கூடச் சேர்க்கவில்லை.

அப்படியானால் வறுமை இருந்ததா?

1959-ல் 22.4 சதவீதம். அரசின் வறுமைக் கணக்கு தொடங்கும் ஆண்டே அதுதான். முதியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஏழை. கறுப்பின மக்களில் பாதிக்கு மேல். 1973-ல் மொத்த விகிதம் 11.1-க்கு வந்தது.

சம்பளம் எப்படி அவ்வளவு வேகமாக ஏறியது?

உற்பத்தி பெருகியது, சங்கங்கள் பங்கு கேட்டன. 1950-களின் நடுவில் தொழிலாளர்களில் சுமார் மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். 1950-ல் வால்டர் ராய்தர் தலைமையிலான கார்த் தொழிலாளர் சங்கமும் ஜெனரல் மோட்டார்ஸும் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் முக்கியமானது. விலைவாசிக்கு ஏற்பப் பஞ்சப்படி, ஆண்டுதோறும் உயர்வு, ஓய்வூதியம், மருத்துவச் செலவில் பங்கு. பதிலுக்கு ஐந்தாண்டு வேலைநிறுத்தம் இல்லை. ஆலையை எப்படி நடத்துவது, எங்கே நடத்துவது என்ற முடிவும் நிர்வாகத்துக்கே. இரண்டு தரப்புக்கும் அன்றைக்கு அது நல்ல பேரம். ஆலைகள் கார் நகரமான டெட்ராய்ட்டை விட்டுக் கிளம்பியபோதுதான் அந்தக் கடைசி நிபந்தனையின் விலை தொழிலாளர்களுக்குத் தெரிந்தது.

பணக்காரர்களுக்கு 91 சதவீத வரி இருந்ததாமே?

இருந்தது, அதிபர் ஐசனோவர் ஆட்சியில் 1954 முதல். 1953-ல் 92 சதவீதம். ஆனால் மொத்த வருமானத்துக்கும் அல்ல. தம்பதிக்கு 4 லட்சம் டாலரைத் தாண்டிய பகுதிக்கு மட்டும். அந்த உயரத்தில் இருந்தவர்கள் மிகச் சிலர். அவர்களும் வருமானத்தைப் பங்கு விற்ற லாபமாகக் காட்டி 25 சதவீதத்தோடு தப்பினார்கள். வரியால்தான் செழிப்பு வந்தது என்பவர்களையும், அப்படி ஒரு வரியே இல்லை என்பவர்களையும் நான் நம்புவதில்லை. அவ்வளவு வரி இருந்தும் வளர்ச்சி நிற்கவில்லை என்பதுவரை உறுதியாகச் சொல்லலாம்.

நெடுஞ்சாலைகள்?

1956-ல் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம்: 41,000 மைல், செலவில் 90 சதவீதம் மத்திய அரசு, பணம் பெட்ரோல் வரியிலிருந்து. புறநகர் வாழ்க்கையே அதன் மேல்தான் நின்றது. தங்கும் விடுதிச் சங்கிலிகள், 15 சென்ட் ஹாம்பர்கர், மினசோட்டாவின் ஈடைனாவில் 1956-ல் திறந்த மூடிய பேரங்காடி எல்லாம் காரில் வருபவரை நம்பிப் பிறந்தவை. நகரத்துக்குள் சாலை நுழைந்த இடங்களில் இடிபட்டது பெரும்பாலும் கறுப்பினக் குடியிருப்புகள்: மயாமியில் ஓவர்டவுன், செயின்ட் பால் நகரில் ரோண்டோ, டெட்ராய்ட்டில் பிளாக் பாட்டம். கடன் கிடைக்காததால் வீடுகள் பழுதாயின. பழுதைக் காட்டி இடித்தார்கள்.

டிவி, கடன் அட்டை?

டிவி வைத்திருந்த வீடுகள் 1950-ல் 9 சதவீதம், 1960-ல் 87 சதவீதம். 1950-ல் டைனர்ஸ் கிளப் அட்டை. 1958-ல் பேங்க் ஆஃப் அமெரிக்கா கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் மக்கள் கேட்காமலேயே அட்டைகளைத் தபாலில் அனுப்பிவைத்தது. 1959-ல் மாஸ்கோ கண்காட்சியில், 14,000 டாலர் மாதிரி வீட்டின் சமையலறையைக் காட்டி எங்கள் எஃகுத் தொழிலாளியால் இதை வாங்க முடியும் என்று அன்றைய துணை அதிபர் நிக்சன் சோவியத் தலைவர் குருஷேவிடம் வாதாடினார். அன்றைக்கு அமெரிக்காவில் சுமார் ஐந்து லட்சம் எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள்.

மற்ற நாடுகள் போரில் இடிந்து கிடந்ததால்தானே அமெரிக்கா செழித்தது?

பாதிதான் உண்மை. போர் முடிந்தபோது உலகின் ஆலை உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி அமெரிக்காவுடையது. டாலர்தான் உலக நாணயம். ஆனால் ஏற்றுமதி அமெரிக்கப் பொருளாதாரத்தில் சிறு பங்குதான். தயாரித்ததைப் பெரும்பாலும் அமெரிக்கர்களே வாங்கினார்கள். இடிந்த நாடுகள் சீக்கிரமே எழுந்தன. மேற்கு ஜெர்மனியும் ஜப்பானும் அமெரிக்காவைவிட வேகமாக வளர்ந்த ஆண்டுகளும் இதே காலம்தான். அவை எழுவதற்கு அமெரிக்காவே மார்ஷல் திட்டத்தில் சுமார் 1,300 கோடி டாலரை ஐரோப்பாவுக்குக் கொடுத்தது. பக்கத்து வீடு எரிந்ததால்தான் இவன் பணக்காரனானான் என்ற கணக்கு இங்கே உதைக்கிறது.

இந்தியாவுக்கோ இந்தியர்களுக்கோ இதில் தொடர்பு உண்டா?

உண்டு, ரேஷன் கடை வழியாக. டிராக்டரும் உரமும் வந்து அமெரிக்கப் பண்ணைகளில் ஆட்கள் குறையக் குறைய விளைச்சல் கூடியது. கோதுமை மலைபோல் குவிந்தது. 1954-ல் வந்த பி.எல். 480 சட்டத்தின்படி அதை ரூபாய்க்கே இந்தியாவுக்கு விற்றார்கள். 1960-களின் நடுவில் மழை பொய்த்தபோது அதிபர் ஜான்சன் அந்தக் கோதுமைக் கப்பல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிட்டு இந்தியாவைக் காக்க வைத்தது அந்தத் தலைமுறைக்கு நினைவிருக்கும்.

குடியேற்றம் மிகக் குறைவு. 1946 சட்டம் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடம் கொடுத்தது, குடியுரிமை பெறும் வழியையும் திறந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் 1953-ல் குடியுரிமை பெற்றார். இப்போது நாம் அறிந்த பெரும் குடியேற்றம் 1965 சட்டத்துக்குப் பிறகு வந்தது. செழிப்பின் கடைசி ஆண்டுகளில்தான் அவர்கள் போய் இறங்கினார்கள்.

எப்போது, எப்படி முடிந்தது?

ஒரே நாளில் இல்லை. வியட்நாம் போர்ச் செலவும் உள்நாட்டுத் திட்டங்களும் சேர்ந்து 1960-களின் கடைசியில் விலைவாசியைக் கிளப்பின. 1971 ஆகஸ்ட் 15 அன்று, டாலரைக் கொண்டுவந்தால் அவுன்ஸ் 35 டாலர் கணக்கில் தங்கம் தருகிறோம் என்று மற்ற நாடுகளுக்குக் கொடுத்திருந்த வாக்கை நிக்சன் நிறுத்திவைத்தார். 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை. பெட்ரோல் பங்குகளில் கார்கள் வரிசை கட்டின. 1975 மே மாதத்தில் வேலையின்மை 9 சதவீதம். விலைவாசியும் வேலையின்மையும் சேர்ந்து ஏறியதை அந்தக் காலப் பொருளாதார வல்லுநர்கள் எதிர்பார்க்கவில்லை. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், சாதாரணத் தொழிலாளியின் சராசரி மணிக்கூலி 1973-ன் அளவைத் திரும்ப எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின. வீட்டு விலை அத்தனை காலம் காத்திருக்கவில்லை. ஏற்கெனவே 30 ஆண்டுக் கடனில் வீடு வைத்திருந்தவருக்கு 1970-களின் விலைவாசி ஒரு வகையில் லாபம்: தவணை அப்படியே நின்றது, வீட்டின் மதிப்பு ஏறியது. வாடகையில் இருந்தவருக்கு வாடகைதான் ஏறியது.